படம் பார்க்க வந்தவர் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார்: கண்காட்சி வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நுண்கலை மாணவர்கள் சிலர் சேர்ந்து வைத்த கண்காட்சிக்குப் போயிருந்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் மாட்டியிருந்த விதத்தைப் பார்த்ததும், பல வருடங்களுக்கு முன்னால் நான் மாட்டிய முதல் கண்காட்சிக்குள் மறுபடி நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அதே சொதப்பல்கள். படம் கோணலாக இருப்பது, லேபிளில் எழுத்துப்பிழை போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. முன்னதற்கு ரசமட்டம் இருக்கிறது, பின்னதற்கு இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

உயரம்

நம் வீடுகளில் சாமி படமும் தாத்தா போட்டோவும் நிலைவாசலுக்கு மேலேதான் இருக்கும். உயரத்தில் வைப்பது மரியாதை. அந்தப் பழக்கத்தோடு கேலரிக்கு வருகிறவர், ஓவியத்தையும் மேலே ஏற்றிவிடுகிறார். பார்ப்பவரும் அண்ணாந்து ஒரு கும்பிடு போடாத குறையாக நகர்ந்துவிடுகிறார். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டருக்குள் வரட்டும். பல கேலரிகளில் இதுதான் கணக்கு. சின்னதும் பெரியதுமாகப் படங்கள் இருந்தால் மேல்விளிம்பை ஒரே கோட்டில் கொண்டுவரப் பார்க்காதீர்கள். நடுப்பகுதிதான் ஒரே கோட்டில் வர வேண்டும்.

கண்ணாடி

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

மூத்த ஓவியர் ஒருவரின் கரிக்கோல் படங்கள். மொத்தம் 24. இரவு, மழை, கோபுர நிழல் என்று முக்கால்வாசி கன்னங்கரேல். கரிப்பொடி உதிரும் என்பதால் கண்ணாடி போடாமல் முடியாது. சாதாரணக் கண்ணாடி போட்டு, ராத்திரி பன்னிரண்டு மணி வரை நின்று மாட்டினோம். ஸ்பாட்லைட் வெளிச்சத்தில் அருமையாக இருந்தது. எதிர்ச் சுவரில் ஆளுயர ஜன்னல்கள் இருந்தது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே வெயில். இருப்பதிலேயே நல்ல படத்தின் முன்னால் ஒரு பெண்மணி வெகுநேரம் நின்றார். எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் போனால், அவர் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? நான் அங்கே மாட்டிவைத்திருந்தது நிலைக்கண்ணாடி. ஓவியர் கோபப்படவில்லை. "எல்லாரும் அவங்க மூஞ்சியத்தான் பாத்துட்டுப் போறாங்க, தம்பி" என்றார். அதற்குக் கோபப்பட்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு பரப்புக்கும் சேர்த்து 8 சதவீதம். வெளிர்நிறப் படத்தில் அது கரைந்துவிடும். கறுப்புப் படத்தில் கரைய இடமில்லை, அப்படியே முகத்தில் அடிக்கும். படம் எவ்வளவு இருட்டோ, கண்ணாடி அவ்வளவு முகம் காட்டும்.

பளபளப்பில்லாத மேட் கண்ணாடி போடலாமே என்பார்கள். கரிக்கோல் படத்தில் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, இடைவெளி விட வேண்டும். இடைவெளி கூடக்கூட மேட் கண்ணாடி படத்தைப் புகைமூட்டமாக்கிவிடும். பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் திருப்பும், ஆனால் விலை கையைக் கடிக்கும். நான் என் கைக்காசில் ஆறு படத்துக்கு மட்டும் வாங்கினேன். மீதிப் படங்களை ஜன்னல் இருந்த சுவருக்கே மாற்றினேன். பத்து நாள் கண்காட்சியில் மூன்று நாள் அதிலேயே போனது. சுவரில் போட்ட ஓட்டைகளுக்கு மண்டபக்காரர் தனியாகப் பணம் கேட்டார்.

லைட்டைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாளில் உள்ள படங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகத் தயங்கும். வெளிச்சத்தில் மங்கிய நிறம் திரும்பி வராது. ஸ்பாட்லைட்டைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்து வையுங்கள். அதைவிடச் சாய்த்தால் கண்ணாடியில் லைட்டே தெரியும், பார்ப்பவரின் நிழலும் படத்தில் விழும். அப்புறம், ஆணி அடிப்பதற்கு முன்னால் பகல் வெயிலில் ஒருவரைக் கண்ணாடி போட்ட பிரேமைச் சுவரோடு பிடிக்கச் சொல்லி, நீங்கள் பார்வையாளர் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பழைய வீடுகளில் போட்டோவின் அடிவிளிம்பை இரண்டு ஆணியில் உட்காரவைத்து, மேல்பக்கத்தைக் கயிற்றில் கட்டி முன்னால் சாய்த்திருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சாய்வால் கண்ணாடியில் எதிர் ஜன்னலுக்குப் பதிலாகத் தரைதான் தெரியும். இதை நான் கற்றுக்கொள்ள 24 படங்களைக் கழற்ற வேண்டியிருந்தது.

மறுபடி மாணவர்கள் கண்காட்சிக்கே வருகிறேன். அங்கே ஜன்னல் இல்லை. ஆனால் எதிர்ச் சுவரில் பளீரென்று ஒரு ஸ்பான்சர் பேனர். ஒவ்வொரு கறுப்பு வெள்ளைப் படத்துக்குள்ளும் ஒரு நகைக்கடையின் பெயர் இடவலம் மாறித் தெரிந்தது.

பிரபலத்தை எதிரில் வைப்பது

பாரிஸில் உள்ள லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். அதற்கு நேர் எதிரே இத்தாலிய ஓவியர் வெரோனீஸ் வரைந்த 'கானாவூர்த் திருமணம்' ஓவியம், ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். வருகிற கூட்டத்தில் பெரும்பாலானோர் அந்தப் பத்து மீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனைத் தூக்குகிறார்கள். உங்கள் கண்காட்சியிலும் ஒரு மோனாலிசா இருக்கும். அதன் எதிரே யாருடைய படத்தைப் பலி கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு மாட்டுங்கள்.

சிற்பத்தைச் சுவரோடு ஒட்டுவது

உற்சவர் திருமேனிகளின் பீடத்தில் கழி கோக்கத் துளையோ வளையமோ இருக்கும். வீதியுலா போகிறவர் என்பதால் பின்னழகையும் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள்: தலைக்குப் பின்னால் சிரசக்கரம், தோளில் புரளும் சடை. இன்றைய சிற்பிக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். சுற்றிவர ஓர் ஆள் நடக்கிற இடமாவது விடுங்கள்.

லேபிள்

வலதுபக்கம், சின்னதாக. படத்துக்கு முன்னால் அது கண்ணில் படக் கூடாது.

பெஞ்ச்

ஒன்று போடுங்கள்.

குத்துவிளக்கு

திறப்பு விழாவுக்கு வாசலில் ஏற்றுங்கள். படத்துக்கு அடியில் ஏற்றினால் கரி பிடிக்கும்.