சவுக்கும் பைனும் ஒன்றல்ல: ஊசியிலைக் காடு பற்றி வழக்கமாக வரும் தவறுகள்

திருவொற்றியூரில் சாயங்கால வேளையில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறேன். வடகோளத்து ஊசியிலைக் காடு, அதாவது டைகா பாடம் வந்தாலே விடைத்தாளில் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வரும்.

முதல் தவறு எண்ணூர் கடற்கரையிலிருந்தே கிளம்பி வருகிறது. "சார், பீச்சுல இருக்கிற சவுக்கு மாதிரிதானே?" சவுக்கு பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைப்பது பச்சைக் குச்சி. ஒன்றை எடுத்து இரு விரலால் இழுத்துப் பாருங்கள், கணுக் கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பொடிப் பல்லாகத் தெரிகிறதே, அதுதான் இலை. டைகாவில் வளரும் பைன் மரத்தின் ஊசியில் கணு கிடையாது.

"ஊசியிலை மரம் என்றும் பச்சை" என்பது ஸ்புரூஸ், ஃபிர், பைனுக்குச் சரி. ஆனால் லார்ச் என்ற ஊசியிலை மரம் குளிர்காலத்துக்கு முன் மஞ்சளாகி ஊசிகளை மொத்தமாக உதிர்த்துவிடும். கிழக்குச் சைபீரியாவில் நிலத்தடி உறைந்தே கிடக்கும். கோடையில் உருகும் மேல்மண்ணுக்குள் வேரைப் பரப்பிப் பிழைப்பது பெரும்பாலும் லார்ச்தான். அதற்காக டைகா முழுக்க உறைநிலம் என்று எழுதிவிடாதீர்கள். பின்லாந்து, சுவீடன் காடுகளில் பெரும்பகுதிக்கு அது பொருந்தாது.

மதிப்பெண் கொத்தாகப் போவது மண்ணில். "அடர்ந்த காடு, ஆகவே வளமான மண்" என்று எழுதாத பிள்ளை குறைவு. குளிரில் ஊசிகள் லேசில் மட்காது. மெத்தை மாதிரி மேலேயே கிடக்கும். அதில் ஊறி இறங்கும் நீர் அமிலமாகி, இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழே கொண்டு போகிறது. டீத்தூளில் வெந்நீர் ஊற்ற ஊற்றச் சாயம் இறங்குகிற கதைதான். மேலே வெளிறிய சாம்பல் நிற மணல் அடுக்கு, அதற்கடியில் துருப்பிடித்த பழுப்பு அடுக்கு. இதுதான் பாட்சோல். ரஷ்ய மொழியில் "சாம்பலுக்கு அடியில்" என்று பொருள். இதைச் சொன்னதும் ஒரு பையன் "சாம்பல் படிந்து உருவான மண்" என்று எழுதினான். அனல்மின் நிலையச் சாம்பலைக் கழிமுகத்தில் பார்த்து வளர்ந்தவனை என்ன சொல்ல! பாட்சோலில் நிறம் மட்டும்தான் சாம்பல்.

மரத்துக்குக் கீழே ஒன்றும் வளராது என்பதும் பொய். வறண்ட மணலில் பைனும், பனிநாட்டுக் கலைமான் (ரெயின்டீர்) தின்னும் வெளிர் லைக்கனும். ஈரம் ஓரளவு நிற்கும் இடத்தில் ஸ்புரூஸ், இறகுப்பாசி, பில்பெர்ரிச் செடி. தண்ணீர் தேங்கினால் ஸ்பேக்னம் பாசி, அதற்கடியில் கரி மண் (பீட்). எரிந்த இடத்தில் பெரும்பாலும் பிர்ச், ஆஸ்பென் என்ற அகன்ற இலை மரங்கள் முந்திக்கொள்ளும். இறகுப்பாசியில் குடியிருக்கும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. நம்ம சவுக்குக்கு அந்த வேலையை வேர் முடிச்சிலுள்ள பிராங்கியா பாக்டீரியா செய்கிறது. இந்த ஒரு விஷயத்தில் வேண்டுமானால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பனி கொட்டுவதால் மழைப்பொழிவு அதிகம் என்றும் எழுதுகிறார்கள். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ.; டைகாவின் பெரும்பகுதிக்கு அதில் பாதிகூட இல்லை. குளிரில் ஆவியாதல் குறைவு, அதனால் ஈரம் தங்குகிறது, அவ்வளவே.

"எப்போதும் உறைகுளிர்" என்று எழுதுபவர்களுக்கு கிழக்குச் சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரைக் காட்டுவேன். 1892-இல் அங்கே மைனஸ் 67.8 டிகிரி. 2020 ஜூன் 20 அன்று அதே ஊரில் 38. நம்ம தேரடியில் மே மாசம் மத்தியானம் நிற்கிற மாதிரி.