சங்கமம் பார்க்க ராயபுரம் போகிறீர்களா?

பொங்கலை ஒட்டி நடக்கும் நாட்டுப்புறக் கலை விழாவான சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மறுபடி வந்தது. அனுமதி இலவசம். வடசென்னைக்காரர்களுக்கு ராயபுரம் ராபின்சன் பூங்கா மேடை கிடைத்த ஆண்டுகளில் ரொம்ப வசதி. 1949-இல் திமுக தொடக்க விழா நடந்த அதே இடம்.

பைக் வேண்டாம். பண்டிகை நேரத்தில் எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வரும் கூட்டத்தில் வண்டி நகராது. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள்.

எந்த மேடையானாலும் அரை மணி நேரம் முன்னதாகப் போய் மேடைக்குப் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். பறைக் கலைஞர்கள் தீ மூட்டி, பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டி, சத்தம் ‘கணீர்’ என்று வந்த பிறகே எழுந்திருப்பார்கள். எனக்கு நிகழ்ச்சியே அங்குதான் ஆரம்பிக்கிறது. கிட்டே போய்ப் பேசினால் அன்பாகப் பதில் சொல்வார்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரே மாலையில் நாலு மேடை சுற்றாதீர்கள். கரகமோ ஒயிலாட்டமோ, ஒரே இடத்தில் கடைசி வரை உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகள் இருந்தால் பழைய போர்வை ஒன்று, தண்ணீர் பாட்டில்.

அப்புறம் பசித்தால், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் இருக்கிறது.