பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினால் ஃபைல் பத்திரமாகிவிடுமா? வீட்டிலிருந்து டிசைன் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. நாகர்கோவிலில் எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. வந்தபோது சீராக வரவில்லை, ஏறி ஏறி இறங்கியது. பிளக்கில் மாட்டியபடியே கிடந்த என் வெளி ஹார்ட் டிஸ்க் அதோடு போயிற்று. உள்ளே, ஆல்பம் டிசைன் செய்ய எனக்கு வந்த ஏழு கல்யாணங்களின் படங்கள். ஐந்து கல்யாணத்துக்குப் போட்டோகிராபர்களிடம் பிரதி இருந்தது. மற்ற இரண்டுக்கு இல்லை, மெமரி கார்டை அடுத்த வேலைக்காக அழித்திருந்தார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் பெண்ணின் அம்மா ஒன்றும் பேசாமல் டீ கொண்டுவந்து வைத்தார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

குற்றம் புயலுடையது அல்ல. அந்த டிஸ்க்கை நான் பேக்கப்புக்கு, அதாவது அசல் போனாலும் கையில் இருக்கும் கூடுதல் பிரதிக்கு என்றுதான் வாங்கினேன். லேப்டாப்பில் இடம் நிறைந்ததும் அசல் ஃபைல்களையே அதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்தேன். அப்புறமும் அதைப் பேக்கப் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடத்தில் இருக்கும் ஃபைல், எவ்வளவு விலை உயர்ந்த டிஸ்க்கில் இருந்தாலும் பேக்கப் ஆகாது. வெளி டிஸ்க் வாங்கும் டிசைனர்கள் செய்யும் தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். மற்றவற்றுக்குப் பணத்தாலோ நேரத்தாலோ ஈடுகட்டிவிடலாம்.

அடுத்தது, எவ்வளவு இடம் தேவை என்று கணக்குப் போடாமல் வாங்குவது. 12×36 அங்குல ஆல்பம் ஷீட் ஒன்றை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 3600×10800 பிக்சல். ஒரு லேயருக்கே, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகளில் ஒன்றுக்கே, சுமார் 117 எம்பி. நாலைந்து லேயரோடு சேமித்தால் ஒரு ஷீட் 400, 500 எம்பிக்குப் போகும். முப்பது ஷீட் ஆல்பம் என்றால் 12 முதல் 15 ஜிபி. போட்டோகிராபர் தரும், கேமராவில் பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைல்களையும் சேர்த்தால் ஒரு கல்யாணம் 100 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ஆக 1 டிபியில் எட்டு ஒன்பது கல்யாணம் அடங்கும். வருடத்துக்கு எத்தனை வேலை வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை இரண்டால் பெருக்குங்கள், ஏனென்றால் வாங்க வேண்டியது இரண்டு டிஸ்க்.

விலையைப் பார்த்து மயங்குவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) என்று சில ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை நம்பவே நம்பாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு சிறு மெமரி கார்டுதான் இருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். நீங்கள் காப்பி செய்யும்போது பிழை எதுவும் காட்டாது. கார்டு நிறைந்ததும் புதிய ஃபைல்கள் பழையவற்றின் மேலேயே விழும். ஃபோல்டரில் பெயர் இருக்கும், திறந்தால் படம் இருக்காது. எந்த டிஸ்க் வாங்கினாலும் முதல் நாளே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். ஓர் இரவு ஆனாலும் ஆகட்டும். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் உண்மை தெரிந்துவிடும்.

சரி, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா? இரண்டும் வேண்டும், வேலைதான் வேறு. திறந்து வேலை செய்யும் ஃபைல்களுக்கு எஸ்எஸ்டி. முடித்துக் கட்டிவைப்பவற்றுக்கு ஹார்ட் டிஸ்க். கையடக்க ஹார்ட் டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் என்ற முறையில், ஓடு வேய்வதுபோல் ஒரு வரிசையின் மேல் இன்னொரு வரிசை ஏறும்படி எழுதுகின்றன. டிஸ்க் நிறைய நிறைய, பெரிய ஃபைலைச் சேமிக்கும்போது இழுக்கும். அதில் நேரடியாக ஆல்பம் செய்வது பொறுமையைச் சோதிக்கும். மாறாக, எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் கரண்ட் காட்டாமல் பீரோவுக்குள் வைப்பதும் தவறு. அது தகவலை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது, அது மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும்.

கேபிளைக் கவனிக்காமல் விட்டு, டிஸ்க்கைக் குறை சொல்பவர்கள் நிறைய. டைப் சி என்பது முனையின் வடிவம், வேகம் அல்ல. செல்போன் சார்ஜரோடு வந்த டைப் சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடும். அதில் 100 ஜிபி ஏற முக்கால் மணி நேரம் ஆகும். சரியான கேபிளும் போர்ட்டும் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கில் கால் மணி நேரம், சாதாரண எஸ்எஸ்டியில் நாலைந்து நிமிடம்.

ஃபார்மேட், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை பற்றி இரண்டே வரி. ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. அச்சகத்தில் மேக், வீட்டில் விண்டோஸ் என்றால் எக்ஸ்ஃபேட் ஒத்துவரும். ஆனால் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் அது எளிதில் குழம்பும்.

இனி நம் ஊருக்கே உரிய சங்கதி. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு ஒரு மழைக்காலம் என்றால் குமரிக்கு இரண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கும், அக்டோபரில் வடகிழக்கு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. ஜன்னல் கம்பியைத் தின்னும் அந்தக் காற்று யுஎஸ்பி முனையை மட்டும் விட்டுவைக்காது. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில், துணிகளுக்கு நடுவே டிஸ்க்கை வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டும்.

இடி இன்னும் மோசம். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் வானம் இருண்டால் நான் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுவேன். இரண்டு டிஸ்க் வாங்கி, இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி வைத்திருப்பதை நண்பர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு மின்னல் போதும், இரண்டும் சேர்ந்தே போகும். பிரதி எடுக்கும் நேரம் தவிர இரண்டாவது டிஸ்க் எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று 3-2-1 விதி ஒன்று உண்டு. என் மூன்றாவது பிரதி தக்கலையில் அக்கா வீட்டில் இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிறு போகும்போது ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்து வருவேன். அதில் வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் இருப்பதால் பாஸ்வேர்டு போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

இணையத்திலேயே சேமிக்கும் கிளவுட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கட்டும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலோடு சேர்த்து. பணம் கட்டினாலும், அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 20 மெகாபிட்) என்றால் 100 ஜிபி ஏற பதினோரு மணி நேரம் ஆகும். இன்னொன்று, சின்க், அதாவது லேப்டாப்பிலும் கிளவுடிலும் ஃபைலை ஒன்றுபோல் வைப்பது, பேக்கப் அல்ல. லேப்டாப்பில் தவறி அழித்தால் அங்கும் அழியும். டிரைவின் குப்பைக்கூடையில் 30 நாள்தான் இருக்கும். அதனால் முடிந்த ஆல்பத்தின் ஜேபெக், அடிக்கடி கேட்கும் நோட்டீஸ் ஃபைல்கள் இவற்றை மட்டும் கிளவுடில் ஏற்றுகிறேன். வளைகுடாவில் இருக்கும் மாப்பிள்ளை இரண்டு வருடம் கழித்து விடுமுறைக்கு வந்து, இன்னொரு ஆல்பம் வேண்டும் என்று கேட்கும்போது அது கைகொடுக்கிறது.

வாரண்டி மூன்று வருடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பதும் தவறு. வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு அல்ல. கெட்டதை வாங்கிக்கொண்டு காலி டிஸ்க் தருவார்கள். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்காதீர்கள். உடனே கழற்றிவிட்டு, மீட்டெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மீட்கக்கூடியது குறைந்துகொண்டே போகலாம்.

கடைசியாக ஒன்று, இதைத் தமிழ் டிசைனர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிஎஸ்டி ஃபைலை (லேயரோடு சேமித்த ஃபோட்டோஷாப் ஃபைலை) மட்டும் காப்பி செய்தால் போதாது, எழுத்துருவையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். நம்மில் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் நோட்டீஸ் அடிக்கிறோம். அவை எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் முறையில் இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து திருத்தினால் எழுத்தே மாறிவிடும். ஊர்க் கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) தேதியை மட்டும் மாற்றி அதே நோட்டீஸை வருடா வருடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய ஃபைல் ஒன்றை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது என் வழக்கம். போன வைகாசியில் அப்படி 2019ஆம் ஆண்டு நோட்டீஸைத் திறந்தேன். அம்மன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. பழைய லேப்டாப்பில் அந்த எழுத்துரு இன்னும் இருந்தது. எடுத்து அந்த ஃபோல்டரிலேயே போட்டு, மூன்று பிரதியிலும் சேர்த்துவிட்டேன்.