கார் ஏற்றும் டிரெய்லருக்கு வின்ச்: பொருத்துவதும் கரண்ட் கொடுப்பதும்

வின்ச்சை, அதாவது மோட்டாரால் கயிற்றைச் சுற்றிக் காரை இழுக்கும் கருவியை, நான்கு போல்ட் போட்டுப் பிளேட்டில் உட்கார வைப்பது அரை நாள் வேலை. அது கேட்கும் கரண்டை டிரெய்லரின் முன்முனை வரை கொண்டுவருவதில்தான் எல்லாம் இருக்கிறது. "சக்தி பத்தவில்லை" என்று கழற்றி வைத்த வின்ச் பலவற்றில் மோட்டாரும் கியரும் நன்றாகவே இருக்கும். கோளாறு மெல்லிய கேபிளிலோ, பெயிண்ட் மேல் முறுக்கிய எர்த்திலோ இருக்கும்.

எத்தனை பவுண்டு வின்ச்?

உருளும் காரை ஏற்றுவதற்குக் காரின் முழு எடைக்கு நிகரான இழுவை தேவையில்லை. தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், ராம்ப் 2.3 மீட்டர் என்றால் சரிவு சுமார் 15 டிகிரி. 1,800 கிலோ காரை அதில் ஏற்ற, சக்கர உராய்வையும் சேர்த்து 520 கிலோ இழுவை போதும். அதே காரின் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு டயர் தேய்ந்தபடி வந்தால் தேவை 1,700 கிலோவை நெருங்கிவிடும். கணக்கை இந்த இரண்டாவது நிலைக்குத்தான் போட வேண்டும். ஓடாத, பிரேக் பிடித்துப்போன வண்டியை ஏற்றத்தானே வின்ச்?

5,000 பவுண்டு என்று எழுதியிருந்தால் அது 2,268 கிலோ. ஆனால் அந்த எண், கயிறு சுற்றும் டிரம்மில் ஒட்டியிருக்கும் முதல் அடுக்குக் கயிற்றுக்கு மட்டுமே பொருந்தும். மேலே ஏறும் ஒவ்வொரு அடுக்குக்கும் இழுவை ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் குறையும். நான்காவது அடுக்கில் 1,500 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். டிரெய்லரில் இது பெரிய விஷயம். கார் ஏற்றும்போது வெளியே போகும் கயிறு 7 அல்லது 8 மீட்டர்தான். டிரம்மில் 25 மீட்டர் சுற்றி வைத்திருந்தால் வின்ச் எப்போதும் மேல் அடுக்கிலேயே, அதாவது தன் பலவீனமான இடத்திலேயே வேலை செய்துகொண்டிருக்கும். 12 முதல் 15 மீட்டர் கயிறு போதும். கயிற்றைக் குறைத்தால் இழுவை கூடுவதோடு, ஒரு பக்கமாகக் குவிந்து சிக்குவதும் குறையும்.

2 டன் வரையுள்ள கார்களுக்கு 5,000 பவுண்டு வின்ச் சரியாக இருக்கும். கனமான பிக்கப், எஸ்யூவி என்றால் 8,000 பவுண்டு. "பெரிதாகவே இருக்கட்டும்" என்று 12,000 பவுண்டு வாங்குவது வீண். எடையும் கூடும், அந்த இழுவையைத் தாங்கும்படி டிரெய்லர் சட்டத்தையும் பலப்படுத்த வேண்டிவரும். எப்போதாவது இழுவை பத்தாமல் போனால் காரில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றின் முனையைத் திருப்பி டிரெய்லரிலேயே கட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். கப்பி மாட்டும் ஷாக்கிளும் (யு வடிவ இரும்பு வளையம்) காரின் கொக்கியும் அந்த இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இடமும் பிளேட்டும்

வின்ச் டிரெய்லரின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். 5 செ.மீ. விலகினாலும் கயிறு ஒரே பக்கமாகக் குவியும், காரும் வளைந்து ஏறும். உயரத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள்: ஒரு முனை வின்ச் டிரம்மில், மறுமுனை ராம்ப்புக்குக் கீழே நிற்கும் காரின் கொக்கி உயரத்தில். நூல் தளத்தின் பின்விளிம்பில் உரசினால் கயிறும் உரசும். வின்ச்சை 15 அல்லது 20 செ.மீ. உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்; தீராவிட்டால் விளிம்பில் ஓர் உருளை வைக்க வேண்டும்.

பிளேட் குறைந்தது 6 மி.மீ. தடிமன், 8,000 பவுண்டுக்கு மேல் 8 அல்லது 10 மி.மீ. அதை ஒற்றைக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் பிடிக்கக் கூடாது. உயரமாக வைத்த வின்ச் நெம்புகோல் போல அந்தச் சட்டத்தை முறுக்கிவிடும். இரண்டு குறுக்குச் சட்டங்களிலோ, முன்பக்க ஏ வடிவச் சட்டத்தின் இரு கால்களிலோ சுமை பகிர்ந்து இறங்க வேண்டும். வெல்டிங் செய்வதானால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுவை வண்டியையும் பிரித்துவிடுங்கள்.

பெரிய வின்ச்கள் பலவற்றில் போல்ட் துளைகளின் இடைவெளி 254 × 114 மி.மீ. சிறியவற்றில் மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் வரும் காகித அச்சை வைத்தே துளையிட வேண்டும். 10 மி.மீ. போல்ட் என்றால் 8.8 கிரேடு (போல்ட்டின் பலத்தைக் குறிக்கும் எண்), 45 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு. போல்ட் நீளத்தைக் கவனியுங்கள். நீளம் கூடினால் போல்ட் துளையின் அடியில் முட்டி நிற்கும். இறுகியது போலத் தெரிந்தாலும் பிளேட்டைப் பிடித்திருக்காது.

போல்ட்டை முறுக்குவதற்கு முன் இழுவை வண்டியை மாட்டிப் பாருங்கள். அதன் பின்கதவு வின்ச்சில் இடிக்காமல் திறக்கிறதா, முழுதாகத் திரும்பும்போது பம்பர் தொடுகிறதா, டிரெய்லர் ஜாக்கின் கைப்பிடி சுற்ற இடம் இருக்கிறதா. வின்ச்சும் பேட்டரியும் சேர்ந்து முன்முனையில் 50 கிலோவுக்கு மேல் கூட்டிவிடலாம். கப்ளரில் (டிரெய்லரை இழுவை வண்டியோடு மாட்டும் முனை) பொறித்திருக்கும் வரம்போடு ஒப்பிட்டு, தேவைப்பட்டால் காரை நிறுத்தும் இடத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கரண்ட் எங்கிருந்து?

5,000 பவுண்டு வின்ச் முழுச் சுமையில் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உருளும் காரை ஏற்றும்போது 100 ஆம்பியர் அளவில் இருக்கும். டிரெய்லர் விளக்குகளுக்கான பின் சாக்கெட்டில் வரும் சார்ஜ் வயருக்குப் பொதுவாக 20 அல்லது 30 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கும். அதிலிருந்து நேராக வின்ச்சை ஓட்ட வழியே இல்லை. டிரெய்லர் கழன்றால் அவசர பிரேக் போடுவதற்காக வைத்திருக்கும் சிறு பேட்டரியிலும் கை வைக்கக் கூடாது. அதன் வேலை வேறு, அது எப்போதும் முழு சார்ஜில் இருக்க வேண்டும்.

மிஞ்சுவது இரண்டு வழி. முதலாவது, இழுவை வண்டியின் பேட்டரியிலிருந்து தடித்த கேபிளைப் பின்பம்பர் வரை இழுத்து, பெரிய ஆம்பியர் இணைப்பானால் மாட்டுவது. போக ஏழு மீட்டர், வர ஏழு மீட்டர், ஆக 14 மீட்டர் செம்பு. 200 ஆம்பியர் ஓடும்போது 25 சதுர மி.மீ. கேபிளில் 2.2 வோல்ட் வீணாகும், 35-ல் 1.55, 50-ல் 1.1, 70-ல் 0.76. வின்ச்சுக்கு 12 வோல்ட்டில் இரண்டு குறைந்தால் வேகம் விழும், மோட்டார் சூடேறும், கான்டாக்டர் (ரிமோட்டின் சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) படபடக்கும். எனவே இந்த வழியில் 50 சதுர மி.மீ.க்குக் குறைத்து யோசிக்கவே வேண்டாம். எப்போதும் ஒரே வண்டிதான் இழுக்கும் என்றால் இது நல்ல ஏற்பாடு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டரும் கைகொடுக்கும்.

இரண்டாவது, டிரெய்லரிலேயே பேட்டரி. வண்டி மாறினாலும் கவலையில்லை. கேபிள் ஒன்றரை மீட்டர்தான். 35 சதுர மி.மீ. போட்டாலும் 200 ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்தான் இழப்பு. ஒரு காரை ஏற்ற இரண்டரை நிமிடம், 100 ஆம்பியர் என்றால் செலவு 4 ஆம்பியர்-மணியைச் சற்றுத் தாண்டும். 75 முதல் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (அமிலம் சிந்தாத, மூடிய வகை) பேட்டரி ஒரு நாள் முழுக்கத் தாங்கும். லித்தியம் வாங்குபவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பல லித்தியம் பேட்டரிகளின் உள்பாதுகாப்புச் சுற்று 100 ஆம்பியர் தொடர் ஓட்டத்துக்கு மட்டுமே அனுமதிக்கும். கார் பாதி ராம்ப்பில் இருக்கும்போது அது துண்டித்துக்கொண்டால் கஷ்டம்.

அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யத்தான் பின் சாக்கெட்டின் சார்ஜ் வயர் பயன்படும். ஆனால் நேராக இணைத்தால் நீள வயரின் இழப்பில் பேட்டரி ஒருநாளும் நிறையாது. புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் வோல்ட்டை அவ்வப்போது தானாகவே குறைத்துக்கொள்வதால் இன்னும் மோசம். இடையில், குறைந்து வரும் வோல்ட்டைச் சார்ஜுக்குத் தேவையான அளவுக்கு உயர்த்தும் 10 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வையுங்கள். 20 ஆம்பியர் சார்ஜர் வேண்டாம். கொடுப்பதைவிட அதிகமாக உள்ளே இழுப்பதால் வண்டியின் பியூஸ் போகும். வாரக்கணக்கில் நிற்கும் டிரெய்லர் என்றால் கன்ட்ரோலருடன் 20 வாட் சோலார் பேனல் போதும்.

வயரிங்

1. பேட்டரியைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, மேலே இரும்புப் பட்டை போட்டு இறுக்குங்கள். கையால் அசைத்தால் அசையக் கூடாது.

2. பாசிட்டிவ் முனையிலிருந்து 20 செ.மீ.க்குள் 200 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர். அதையடுத்து, எட்டிப் பிடிக்கும் இடத்தில் மெயின் சுவிட்ச்.

3. அங்கிருந்து கான்டாக்டர் பெட்டிக்குச் சிவப்புக் கேபிள். நெகட்டிவ் கேபிளும் அதே தடிமனில், வின்ச் மோட்டாரிலிருந்து நேராகப் பேட்டரிக்கே போக வேண்டும். டிரெய்லர் சட்டத்தை எர்த்தாக நம்பக் கூடாது. பெயிண்டும் துருவும் போல்ட் இணைப்புகளும் 200 ஆம்பியருக்கு வழிவிடாது.

4. கான்டாக்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் குட்டைக் கேபிள்களை நிறம் பார்த்தே மாட்டுங்கள். அதிலிருந்து வரும் மெல்லிய கறுப்பு எர்த் வயரைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் ரிமோட்டை அழுத்தினாலும் "டக்" என்ற சத்தமே வராது.

5. கேபிள் முனையில் மாட்டும் உலோக லக்குகளை அறுகோண டை உள்ள கிரிம்ப்பரால் (லக்கை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கருவி) அழுத்தி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் குழாய்) போடுங்கள். சுத்தியலால் தட்டிய லக் சுமை ஏறியதும் கொதிக்கும்.

6. கேபிள் சட்டத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம், வெளியில் நெளிகுழாய், 40 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப். பேட்டரி நெகட்டிவை எல்லாவற்றுக்கும் கடைசியாக மாட்டுங்கள்.

மெயின் சுவிட்ச் ஆடம்பரம் அல்ல. வோல்ட் குறைவில் கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிற்காது. அப்போது நிறுத்த இதுதான் வழி.

கயிறு சுற்றுவது

கயிறு வின்ச்சிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஸ்டீல் கயிற்றுக்கு உருளை வழிகாட்டி, சிந்தெடிக் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய வழிகாட்டி. ஸ்டீல் ஓடிய உருளையில் சிந்தெடிக்கைப் போட்டால் அதிலுள்ள பிசிறுகள் இழைகளை அறுத்துவிடும். டிரம்மில் எப்போதும் ஸ்டீல் என்றால் 5 சுற்று, சிந்தெடிக் என்றால் 10 சுற்று மிச்சம் இருக்க வேண்டும். முனையைப் பிடித்திருக்கும் சிறு திருகு சுமை தாங்குவதற்கானது அல்ல. முதல் தடவை கயிற்றை முழுக்க வெளியே விட்டு, 250 கிலோ அளவு இழுவிசையுடன் திரும்பச் சுற்றுங்கள். தொளதொளவென்று சுற்றியிருந்தால் சுமை வரும்போது மேல் சுற்று கீழ் அடுக்குக்குள் புதைந்துவிடும்.

சுற்றும் திசை வின்ச்சிலேயே குறித்திருக்கும். தலைகீழாகச் சுற்றினாலும் வின்ச் இழுக்கும். ஆனால் பிரேக் ஒரு திசையில்தான் பிடிக்கும் என்பதால் காரைத் தாங்காது.

பல வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. காரை ராம்ப்பில் இறக்கும்போது சுமை முழுவதும் அந்தப் பிரேக்கின் மேல்தான், டிரம் சூடேறும். சிந்தெடிக் கயிற்றின் அடி அடுக்கு அந்தச் சூட்டில் இறுகிப் பலம் இழக்கும். ஒரு மீட்டர் இறக்கி, கையால் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு இறக்குங்கள்.

ஏற்றும்போது

டிரெய்லர் இழுவை வண்டியில் மாட்டியே இருக்க வேண்டும். காரின் எடை பின்முனையில் விழும்போது டிரெய்லரின் மூக்கு மேலே எழும். அது இழுவை வண்டியின் பின்சக்கரங்களையும் தூக்கும். பல வண்டிகளில் கை பிரேக் அந்தச் சக்கரங்களில்தான் இருக்கிறது. ஆகவே டிரெய்லரின் பின்பக்கத்துக்கு முட்டு, சக்கரங்களுக்குக் கட்டை, இரண்டும் வேண்டும். காரின் ஸ்டீயரிங் பூட்டைத் திறந்து, நியூட்ரலில் போட்டு, இருபக்கமும் சம நீளமுள்ள வி வடிவப் பட்டையைச் சேசிஸ் துளைகளில் மாட்டுங்கள். ஸ்டீயரிங் ராடிலோ பம்பரிலோ மாட்டக் கூடாது. கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.

ஏறியதும் நான்கு மூலையிலும் ராட்செட் பெல்ட் கட்டிவிட்டு, வின்ச் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். பயணத்தில் காரைப் பிடித்துவைப்பது வின்ச்சின் வேலையல்ல. ஒவ்வொரு குலுக்கலும் அதன் கியரில்தான் போய் இடிக்கும்.

இழுவை குறைவாகத் தெரிந்தால்

சுமையோடு ஓடும்போது மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள், பிறகு வின்ச் முனைகளில். பேட்டரியிலேயே 10.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் பழுது அல்லது சார்ஜ் இல்லை. டிரெய்லர் பேட்டரியில் 12 இருந்து வின்ச்சில் 10.8 என்றால் இடையில் எங்கோ வீணாகிறது. வின்ச்சை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு லக்காகத் தொட்டுப் பாருங்கள், மெதுவாக, சுடும்: எது சூடாக இருக்கிறதோ அதை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். இரண்டு இடத்திலும் வோல்ட் சரியாக இருந்து மோட்டார் மட்டும் கொதித்தால், இடைவிடாமல் ஓட்டியிருப்பீர்கள். முழுச் சுமையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல், மோட்டார் உறை கை வைக்கும் சூட்டுக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.