பத்தோடு பதினொன்றாகிவிடாமல் இருக்க: வீட்டு பேக்கிங் தொழில் தொடங்குபவர்களுக்கு

நான் ஆர்டர் எடுக்க ஆரம்பித்த புதிதில் என் மெனுவில் 27 வகை இருந்தன. வெனிலா, ரெட் வெல்வெட், சீஸ் கேக், மூன்று விதமான பிரவுனி, குக்கீஸ், பிரெட் என்று நீண்டுகொண்டே போகும். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம். வாரத்துக்கு ஏழெட்டு ஆர்டர் வரும். ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும். எதிலும் கை பழகவில்லை. ஒருநாள், மூன்றாவது முறையாக எலுமிச்சை கேக் வாங்கிய ஒருவர் போன் செய்தார். “அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா போன தடவை மாதிரி இல்லையே?” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது.

திரும்ப வருகிறவர்கள் போன தடவை சாப்பிட்ட அதே ருசியைத் தேடித்தான் வருகிறார்கள். அந்த ருசி உங்களிடம் மட்டும்தான் கிடைக்கும், எப்போது வாங்கினாலும் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பக்கத்திலேயே இன்னும் பத்துப் பேர் கேக் செய்தாலும் உங்கள் பெயர் தனியாக நிற்கும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: ஒரே ஒரு பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடைசியாகச் செய்த இருபது ஆர்டர்களை ஒரு தாளில் எழுதுங்கள். இன்னும் ஆர்டர் எடுக்கவில்லை என்றால், வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் செய்துகொடுத்தவற்றை எழுதுங்கள். எது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது? எதைச் செய்யும்போது உங்களுக்குப் பதற்றம் இல்லை? எது அரை மணி நேரம் வண்டியில் போனாலும் உருக்குலையாது? இந்த மூன்று கேள்விக்கும் ஒரே பண்டம் பதிலாக வந்தால் அதுதான் உங்களுடையது.

சாப்பிட்டவர்களிடம் “நல்லா இருந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “நான் செய்ததில் எது ஞாபகம் இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் யோசிக்காமல் சொல்லும் பதிலுக்கு மதிப்பு அதிகம்.

அடுத்து, அதே பண்டத்தை மற்றவர்களிடம் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள். குறை கண்டுபிடித்துத் திட்டுவதற்காக வேண்டாம், கற்றுக்கொள்வதற்காக. நான் வாங்கிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன: எலுமிச்சை வாசனை எசன்ஸ் வாசனையாக இருந்தது, மறுநாள் கேக் வறண்டுபோனது. இந்த இரண்டையும் சரிசெய்வதே என் வேலை என்று முடிவு செய்தேன். உங்கள் பண்டத்திலும் இப்படி ஒன்றோ இரண்டோ கிடைக்கும். அதை ஒரே வாக்கியமாக எழுதி அடுப்படியில் ஒட்டிவையுங்கள்.

மெனுவில் அதோடு துணைக்கு இரண்டு மூன்று வகை இருந்தால் போதும்.

படி 2: ஒவ்வொரு முறையும் அதே ருசி வரட்டும்

முதலில் கப் அளவை விட்டுவிடுங்கள். ஒரே கப்பில் மைதாவை ஸ்பூனால் மெதுவாக நிரப்பினால் 120 கிராம் இருக்கும்; டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும். மூன்று கப் மாவு போடும் கேக்கில் அது 90 கிராம் வித்தியாசம். ஒருநாள் பஞ்சு மாதிரியும் இன்னொரு நாள் கட்டியாகவும் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். முட்டையையும் உடைத்து ஊற்றி எடை போடுங்கள். ஓடு நீக்கிய முட்டை சுமார் 50 கிராம் என்று கணக்கு வைத்தாலும், சிறிதும் பெரிதுமாகத்தான் வரும்.

இரண்டாவது, கேக் வேகவைக்கும் அவனுக்குள் (oven) வைக்கும் தெர்மாமீட்டர். என் அவனில் 180 டிகிரி என்று திருப்பினால் உள்ளே 165தான் இருந்தது. அது தெரியாமல் பல மாதம் செய்முறையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, ஒரு நோட்டு. தேதி, எடைகள், அவன் சூடு, எத்தனை நிமிடம், எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். மாற்றிப் பார்க்க ஆசை வந்தால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சர்க்கரையையும் எண்ணெயையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

உங்கள் பண்டத்துக்கென்று ஒரு கைப்பக்குவமும் வேண்டும். என்னுடையதைச் சொல்கிறேன். எலுமிச்சையின் வாசனை எண்ணெய் தோலின் மஞ்சள் பகுதியில்தான் இருக்கிறது. அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். மஞ்சளை மட்டும் மெல்லத் துருவி, அளந்த சர்க்கரையில் போட்டு, விரல்நுனியால் இரண்டு நிமிடம் கசக்குவேன். சர்க்கரையின் சொரசொரப்பில் எண்ணெய் வெளியே வந்து, சர்க்கரை ஈரமணலைப் போலாகி மஞ்சள் நிறம் பிடிக்கும். அறை முழுக்க மணக்கும். சாற்றை மாவில் கொஞ்சமாகத்தான் சேர்ப்பேன், ஏனென்றால் அதன் மணத்தில் பெரும்பகுதி அவன் சூட்டில் போய்விடுகிறது. மீதிச் சாற்றில் சர்க்கரையைக் கரைத்து, கேக் வெளியே வந்ததும் சூட்டோடு தடவுவேன். எசன்ஸ் ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை.

ஒரே வாரத்தில் மூன்று முறை செய்து பாருங்கள். மூன்றும் ஒன்றுபோல வந்த பிறகு ஆர்டர் எடுங்கள்.

படி 3: மூன்றாம் நாள் வரை சாப்பிட்டுப் பாருங்கள்

நாம் கேக்கை அன்றைக்கே ருசி பார்க்கிறோம். வாங்குபவரோ பாதியை மறுநாள்தான் சாப்பிடுவார். அதனால் சில துண்டுகளை வெளியிலும் சில துண்டுகளை ஃப்ரிட்ஜிலும் மூடிவைத்து மூன்று நாள் சாப்பிட்டுப் பாருங்கள். வெண்ணெய் கேக் ஃப்ரிட்ஜில் இறுகிவிடும், ஏனென்றால் வெண்ணெய் குளிரில் கெட்டியாகிறது. சூரியகாந்தி எண்ணெய் போன்றவை அந்தக் குளிரிலும் உறையாது; அதனால் எண்ணெயில் செய்த கேக் மெத்தென்று இருக்கும். ருசிக்கு வெண்ணெயும் மென்மைக்குக் கொஞ்சம் எண்ணெயும் கலந்ததில்தான் என் இரண்டாம் நாள் பிரச்சினை தீர்ந்தது. பிரெட் செய்பவர்கள் கவனிக்க: ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி, வெளியே வைத்ததைவிட வேகமாகப் பழசாகும்.

இப்படித் தெரிந்துகொண்டதை ஒரு சிறிய அட்டையில் எழுதி பாக்ஸில் வையுங்கள். “ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் கழித்து வெட்டவும்” என்ற ஒரு வரி, உங்கள் உழைப்பு வீணாகாமல் காப்பாற்றும். செய்த தேதி, சேர்த்த பொருட்கள் ஆகியவையும் அதில் இருக்கட்டும்.

படி 4: விலையைக் குறைத்துப் போட்டியிடாதீர்கள்

உங்களைவிடக் குறைவாக விற்க எப்போதும் ஒருவர் இருப்பார். பொருள், பாக்ஸ், மின்சாரம் அல்லது கேஸ், வீணாவது, உங்கள் நேரம் என எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். நேரத்துக்குக் கூலி போடத்தான் பலருக்குத் தயக்கம். பாத்திரம் கழுவும் நேரமும் வேலைதான், அதையும் சேருங்கள்.

அளவில் ஏமாந்துவிடாதீர்கள். 6 அங்குல வட்டக் கேக்கைவிட 8 அங்குலக் கேக் கொஞ்சம்தான் பெரிது என்று தோன்றும். உயரம் ஒன்றாக இருந்தால் அது கிட்டத்தட்ட 1.8 மடங்கு; 6×6=36, 8×8=64, அதாவது 36க்கு 64. விலையை மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏற்றினால் பெரிய கேக் ஒவ்வொன்றிலும் நஷ்டப்படுவீர்கள்.

படி 5: படமும் பேச்சும்

படம் எடுக்க, விளக்கை அணைத்துவிட்டு கேக்கை ஜன்னல் பக்கம் வையுங்கள். முழுக் கேக்கைவிட வெட்டிய துண்டின் உள்பக்கம்தான் வாங்கத் தூண்டும். பின்னணி எப்போதும் ஒன்றாக இருக்கட்டும்.

ஆர்டர் எடுக்கும்போது தேதி, எத்தனை பேர், எந்த உணவாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அடுப்படியில் கடலை, பாதாம், முட்டை, பால் புழங்கினால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இதில் மழுப்பக் கூடாது, ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டிலிருந்து உணவு விற்பதற்கு உங்கள் ஊரில் என்ன அனுமதி வேண்டும் என்பதை முதல் விற்பனைக்கு முன்பே விசாரித்து வாங்கிவிடுங்கள்.

படி 6: இல்லை என்று சொல்லப் பழகுங்கள்

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான். மூன்று அடுக்கு ஃபாண்டன்ட் கேக் (சர்க்கரை மாவை விரித்துப் போர்த்தி அலங்கரிப்பது) கேட்டு வந்தவரிடம், “அது என் கைக்கு வராதுங்க, இவங்க ரொம்ப அழகா செய்வாங்க” என்று இன்னொருவர் எண்ணைக் கொடுத்தேன். அந்த வாரம் வருமானம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்து, நான் யார் எண்ணைக் கொடுத்தேனோ அந்தப் பெண்ணே அழைத்து, “எலுமிச்சை கேக் கேட்டு ஒருத்தர் வந்தாங்க, உங்ககிட்ட அனுப்பியிருக்கேன்” என்றார். இப்போது மாதம் நாலைந்து ஆர்டராவது அந்த வழியில் வருகிறது.

கேக் கொடுத்த மறுநாள் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: “இன்னிக்கு சாப்பிட்டுப் பார்த்தீங்களா, எப்படி இருந்தது?” வருகிற பதிலை அதே நோட்டில், அந்தக் கேக்கின் எடைகளுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.