கார் ஏசியில் கேஸ் கசிவைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

நிரப்பிய கேஸ் சில மாதங்களிலேயே குறைந்துவிட்டால், மீண்டும் நிரப்புவது தீர்வாகாது. கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கேஸோடு, அதை அழுத்தும் கம்ப்ரஸரின் எண்ணெயும் வெளியேறுவதால், கசியும் இடத்தில் புழுதி ஒட்டிய ஈரக்கறை படிந்திருக்கும். கண்டன்சர் (கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி), குழாய் இணைப்புகள், சர்வீஸ் வால்வு (கேஸ் ஏற்றும் வாய்), கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுப்பது) ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். ஏற்காட்டுக் குளிரில் மாதக்கணக்கில் ஏசி போடாத வண்டிகளில் இந்த சீல் எண்ணெயின்றி உலர்ந்துபோகும் என்பதால், வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஏசியை ஓட்டுவது நல்லது.

கறை தெரியாவிட்டால், எஞ்சிய கேஸை மீட்பு இயந்திரத்தில் சேகரித்துவிட்டு, உலர் நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக ஏறத்தாழ 10 பார் வரை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரையைப் பூசுங்கள்; குமிழி எழும் இடமே கசிவு. ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது; எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும். கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு: பல கார் ஏசிகளில் உள்ள கேஸான ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக் கூடியது.

ஓ-ரிங் (இணைப்பிலுள்ள ரப்பர் வளையம்) கசிந்தால் ஏசிக்குரிய புதியதை எண்ணெய் தடவிப் பொருத்துங்கள். ஓட்டையான கண்டன்சரை ஒட்டுப்போடுவதைவிட மாற்றுவதே என் பரிந்துரை. பிறகு அரைமணி நேரமாவது பம்பால் வேக்குவம் இழுத்து (உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி), பம்பை நிறுத்தி, அழுத்தமானியின் முள் நிலையாக நிற்கிறதா எனக் கவனியுங்கள். சேலத்தில் 29 அங்குல (பாதரச அளவு) வேக்குவத்தை நெருங்கும் முள், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 25 அங்குலத்தை ஒட்டியே நிற்கும். அது காற்றழுத்தம் குறைவதால் நிகழ்வது, கசிவன்று. கேஸை பானட் அடியிலுள்ள ஸ்டிக்கரில் குறித்த எடைக்கு நிறுத்தே நிரப்புங்கள்.