கடவுச்சொல் மறந்த மடிக்கணினி: ஃபார்மேட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மடிக்கணினியின் கடவுச்சொல் மறந்துவிட்டால் பலரும் உடனே அதைப் பையில் போட்டுக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரருக்கு மிக எளிய வழி, வட்டை முழுவதுமாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவித் தருவதுதான். கணினி திறந்துவிடும், ஆனால் உள்ளே இருந்த படங்களும் கணக்குகளும் சான்றிதழ்களும் போய்விடும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளில் அந்த நிலைக்குப் போகாமலே உள்ளே நுழைய வழிகள் உண்டு. எந்த வழியை முதலில் முயல்கிறோம் என்பதைப் பொறுத்தே கோப்புகள் தப்பிக்கும்.

கடவுச்சொல் உண்மையிலேயே மறந்துவிட்டதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லில் எண்கள் இருந்து, அவற்றை வலப்பக்க எண் விசைகளில் அடிப்பவராக இருந்தால் அவற்றை இயக்கும் நம் லாக் (Num Lock) விசையையும் பாருங்கள். தமிழ்99 போன்ற விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், திரையின் கீழ் வலது மூலையில் உள்ள மொழிக் குறியீடு ஆங்கிலத்தைக் காட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஆங்கிலத்திலேயே அமெரிக்க அமைப்புக்கும் பிரிட்டிஷ் அமைப்புக்கும் வேறுபாடு உண்டு: மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இரண்டிலும் இடம் மாறியிருக்கும். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தினால், தட்டச்சு செய்தது என்னவென்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நினைவுக்கு வந்ததையெல்லாம் வரிசையாக அடித்துப் பார்க்க வேண்டாம். விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்ட கணினிகள் பலவற்றில் 10 முறை தவறினால் அந்தக் கணக்கு 10 நிமிடங்களுக்குப் பூட்டப்படும். பின் (PIN) எண்ணைப் பலமுறை தவறாக அடித்தால், எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சிறு தொடரைத் தட்டச்சு செய்யச் சொல்லும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, திரையில் உள்ளதை அப்படியே அடித்தால் போதும்.

அடுத்து, உங்கள் கணக்கு எந்த வகை என்று தெரிய வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்பது மின்னஞ்சல் முகவரியோடு இணைந்தது. உள்ளூர்க் கணக்கு என்பது அந்தக் கணினிக்குள் மட்டுமே இருப்பது. கணினியை வாங்கிய அன்று மின்னஞ்சல் முகவரி கேட்டு, கொடுத்ததாக நினைவிருந்தால் அது பெரும்பாலும் முதல் வகை.

மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் வேலை பாதி முடிந்தது. பின் எண் மட்டும் மறந்திருந்தால், நுழைவுத் திரையிலேயே அதற்கான இணைப்பு இருக்கும். கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதிய பின் எண் அமைத்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லே மறந்திருந்தால், கைப்பேசியின் உலாவியில் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்துக்குப் போய், கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசிக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைக் கொடுத்துப் புதியதை அமைக்க வேண்டும். இதற்குப் பிறகு பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கடவுச்சொல் இணையத்தில் மாறிவிட்டாலும், மடிக்கணினி இணையத்தில் இணைந்து அதைச் சரிபார்க்கும்வரை பழைய கடவுச்சொல்லையே எதிர்பார்க்கும். ஆகவே நுழைவுத் திரையின் கீழ் மூலையில் உள்ள வலையமைப்புக் குறியை அழுத்தி, வைஃபையிலோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலோ இணைத்த பிறகே புதிய கடவுச்சொல்லை அடியுங்கள்.

கணக்கில் பதிந்த கைப்பேசி எண்ணைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் சிக்கல்தான். அப்போது கணக்கு மீட்புப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டியிருக்கும். பழைய கடவுச்சொற்கள், அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்புகள் போன்றவற்றைக் கேட்பார்கள். கடவுச்சொல்லோடு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வைத்திருந்தால் அந்தப் படிவமும் உதவாது. பாதுகாப்புத் தகவல்கள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றக் கோரினால் 30 நாள் காத்திருப்பு உண்டு.

உள்ளூர்க் கணக்கில் ஒருமுறை தவறான கடவுச்சொல்லை அடித்தாலே, அதை மாற்றுவதற்கான இணைப்பு கீழே தோன்றும். அதை அழுத்தினால், கணக்கு தொடங்கியபோது தேர்ந்தெடுத்த 3 பாதுகாப்புக் கேள்விகள் வரும். பிறந்த ஊர், முதல் பள்ளியின் பெயர், சிறுவயதுச் செல்லப்பெயர் என்ற வகையிலான கேள்விகள்தாம் அவை. விடை தெரிந்தும் உள்ளே போக முடியாமல் நம்மவர்கள் திணறுவது எழுத்துக்கூட்டலால்தான்: திருநெல்வேலி என்று ஆங்கிலத்தில் எழுதும்போது அன்று எச் சேர்த்தோமா இல்லையா என்பது யாருக்கு நினைவிருக்கிறது? அதே பெயரை நீங்கள் எழுதக்கூடிய எல்லா விதங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயலுங்கள். கேள்விகளே வராவிட்டால், முன்பு எப்போதாவது கடவுச்சொல் மீட்பு யூஎஸ்பி ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தால் அதைச் செருகலாம்.

அதே கணினியில் வீட்டில் வேறொருவருக்கு நிர்வாகி உரிமையுள்ள கணக்கு இருந்தால், அவர் உள்ளே நுழைந்து கண்ட்ரோல் பேனலின் பயனர் கணக்குகள் பகுதியில் உங்கள் உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றித் தர முடியும். இவ்வாறு வெளியிலிருந்து மாற்றும்போது, விண்டோஸில் சேமித்து வைத்த கடவுச்சொற்களும், விண்டோஸின் கோப்பு மறையாக்க வசதியால் பூட்டிய கோப்புகளும் திறக்காமல் போகும் என்பதை இருவரும் அறிந்தே செய்ய வேண்டும்.

இவற்றில் எதுவுமே கைகொடுக்கவில்லை என்றால், கணினிக்குள் நுழைவதை மறந்துவிட்டு, கோப்புகளை வெளியே எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். இங்கே தீர்மானிப்பது பிட்லாக்கர் என்னும் வட்டு மறையாக்கம், அதாவது வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி. அது இயங்காத கணினியில், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் உபுண்டு என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றி, நிறுவாமல் முயன்று பார்க்கும் தேர்வின் வழியே தொடங்கினால், விண்டோஸ் வட்டில் பயனர்கள் அடைவுக்குள் உள்ள உங்கள் கோப்புகள் கடவுச்சொல் கேட்காமலே கண்ணில் படும். அவற்றை வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுத்துவிடலாம். நுழைவுக் கடவுச்சொல் வாசலில் நிற்கும் காவலாளிதான், பெட்டகத்தின் பூட்டு அல்ல என்பது அப்போது புரியும்.

பிட்லாக்கர் இயங்கினால் நிலைமை வேறு. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் ஒன்றும் தெரியாது. 48 இலக்க மீட்பு எண் வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இந்த மறையாக்கம் சொல்லாமலே தொடங்கிவிடுகிறது. மீட்பு எண்ணும் அதே கணக்கில் சேமிக்கப்படுகிறது. கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் அதைக் காணலாம். ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருந்தால், மடிக்கணினித் திரையில் தெரியும் அடையாளக் குறியின் முதல் 8 எழுத்துகளோடு ஒப்பிட்டு உரியதை எடுங்கள். அலுவலகம் தந்த மடிக்கணினி என்றால் இதில் எதையும் தொடாமல் அங்குள்ள தொழில்நுட்பப் பிரிவினரிடம் கேட்பதே முறை. மீட்பு எண் அவர்களிடம் இருக்கும்.

கோப்புகள் பத்திரமாக வெளியே வந்த பிறகோ, அவை தேவையில்லை என்று முடிவெடுத்த பிறகோ மட்டுமே அழித்து நிறுவும் வேலை. நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரை வரும். அதில் பழுதுநீக்கம், பிறகு கணினியை மீட்டமைத்தல், அதற்குள் அனைத்தையும் நீக்குதல் என்று போக வேண்டும். இணையத்திலிருந்து விண்டோஸை இறக்கும் தேர்வுக்கு 4 ஜிபிக்கு மேல் தரவு செலவாகலாம். கைப்பேசித் தரவை நம்பியிருப்பவர்கள் கணினியில் உள்ளதைக் கொண்டே நிறுவும் தேர்வை எடுங்கள். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த வன்பொருளோடு இணைந்திருப்பதால், புதிதாக வாங்கச் சொல்லி யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கடையில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், கோப்புகளை நகலெடுத்துக் காட்டிய பிறகே வட்டை அழிக்க வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.